சொல்லில் நிற்கும் சிங்கம்: கேடய விலங்குகளின் கோலங்கள்

கேள்வி சுருக்கமாக இது: ஐரோப்பியக் கேடயங்களில் வரும் சிங்கத்தை ஓரிடத்தில் 'ராம்பன்ட்' என்கிறார்கள், இன்னோரிடத்தில் 'பாசன்ட் கார்டன்ட்' என்கிறார்கள். இவற்றுக்கு என்ன பொருள்? படம்தான் கண்முன்னே இருக்கிறதே, சிங்கம் நிற்கிறதா நடக்கிறதா என்று பார்த்தாலே தெரியாதா? அதற்கு ஏன் தனித்தனிப் பெயர்?

இரண்டாவது பாதியிலிருந்தே தொடங்குகிறேன். அது விளங்கிவிட்டால் பெயர்கள் தாமாகவே மனதில் தங்கிவிடும்.

படம் கண்முன்னே இருந்தால் பெயர் வேண்டாம், சரி. ஆனால் கேடயத்தில் ஆளை அடையாளம் காட்டும் இந்தச் சின்னங்கள் பரவிய 12, 13ஆம் நூற்றாண்டுகளில் படம் எல்லோர் கைக்கும் வருகிற பொருளாக இல்லை. ஒரு பிரபுவின் சின்னத்தைக் கேடயத்தில் தீட்டுவார் ஒருவர். அதே சின்னத்தை முத்திரை வெட்டுபவர் உள்ளங்கை அளவுக்குச் சுருக்குவார். கொடிக்காகத் துணியில் வெட்டித் தைப்பார் மற்றொருவர். கல்லறையில் கல்தச்சர் கொத்துவார், தேவாலய ஜன்னலில் கண்ணாடி வேலைக்காரர் பதிப்பார். இத்தனை பேரும் ஒரே படத்தைப் பார்த்து வேலை செய்யவில்லை. இன்னாருடைய சின்னம் இன்னது என்று அறிந்து அறிவிப்பதற்கென்றே 'ஹெரால்டு' என்னும் அலுவலர்கள் இருந்தார்கள். அவர்கள் வைத்திருந்த பட்டியல்களில் சிலவற்றில் வண்ணப் படங்கள் உண்டு, சிலவற்றில் வெறும் எழுத்துதான். 'சிவப்புத் தளம், வெள்ளிச் சிங்கம், எழுந்த கோலம்' என்று ஒரு வரி இருக்கும். படிப்பவர் அதிலிருந்தே வரைந்துகொள்ள வேண்டும். அந்த வரிக்குப் 'பிளேசன்' என்று பெயர்.

ஆக, இந்த மரபில் மூலம் என்பது சொல். படம் அதன் ஒரு பிரதி. மூன்றாம் ரிச்சர்டு மன்னர் 1484இல் சாசனம் கொடுத்து நிறுவிய ஹெரால்டுகளின் அமைப்பான 'காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்' லண்டனில் இன்றும் இயங்குகிறது. அங்கே வேலை செய்யும் ஓவியர் சிங்கத்தின் பிடரியில் எத்தனை சுருள் வைக்கலாம், இடுப்பை எவ்வளவு ஒல்லியாக்கலாம் என்பதெல்லாம் அவர் விருப்பம். 14ஆம் நூற்றாண்டுச் சாயலில் வரைந்தாலும் சரி, இன்றைய சாயலில் வரைந்தாலும் சரி, சின்னம் ஒன்றேதான். ஆனால் எழுந்து நிற்க வேண்டிய சிங்கத்தை நடக்க வைத்துவிட்டால் அது வேறொருவருடைய சின்னமாகிவிடும்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் அமெரிக்காவின் அரசு முத்திரை. ஒரு டாலர் நோட்டின் பின்பக்கம் இருக்கும் அதே கழுகுதான். அந்த முத்திரை எப்படி இருக்க வேண்டும் என்று 1782 ஜூன் 20 அன்று அமெரிக்கக் காங்கிரஸ் ஏற்றுக்கொண்டது ஒரு வர்ணனையை. கழுகு 'டிஸ்பிளேய்டு', அதாவது சிறகு விரித்த கோலம். வலக்காலில் ஆலிவ் கிளை, இடக்காலில் 13 அம்புகள். 1841இல் தேய்ந்துபோன அச்சுக்குப் பதில் புதிய அச்சு வெட்டியபோது, வெட்டியவர் 6 அம்புகளே வைத்தார். பல பத்தாண்டுகள் அந்த அச்சிலேயே அரசு ஆவணங்களுக்கு முத்திரை விழுந்தது. ஆனாலும் சின்னம் மாறிவிட்டதாக யாரும் கொள்ளவில்லை, அச்சு தவறு என்றுதான் கொண்டார்கள். சொல் 13 என்றே இருந்தது. 1885இல் புதிய அச்சு அந்தச் சொல்லுக்குத் திரும்பியது.

சொல்லை வைத்தே வரைய வேண்டுமென்றால் ஒவ்வொரு சொல்லும் ஒரே ஒரு நிலையைக் குறிக்க வேண்டும். 'கம்பீரமாக நிற்கும் சிங்கம்' என்று எழுதினால் பத்து ஓவியர் பத்து விதமாக வரைவார்கள். நம்மில் கோயிலுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். பெருமாள் இங்கே நின்ற கோலமா, இருந்த கோலமா, கிடந்த கோலமா என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் வந்துவிடுகிறது. ஐரோப்பிய ஹெரால்டுகள் விலங்குக்குச் செய்ததும் அதேதான். கீழே அந்தச் சொற்களையே எடுத்துக்கொள்கிறேன், தமிழில் அவ்வளவு பொருத்தமாக வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

கோலங்களுக்கு முன் ஒரே ஒரு விதி: வலம், இடம். கேடயத்தின் வலப்பக்கம் என்றால் அதைப் பிடித்திருப்பவருடைய வலப்பக்கம். பார்க்கிற நமக்கு அது இடது. இதை 'டெக்ஸ்டர்' என்பார்கள், எதிர்ப்பக்கத்தைச் 'சினிஸ்டர்' என்பார்கள். வேறெதுவும் சொல்லாவிட்டால் விலங்கு டெக்ஸ்டரைப் பார்த்தே இருக்கும், அதாவது நம் கண்ணுக்கு இடப்பக்கம் நோக்கி. கேடயம் இடக்கையில் இருப்பது. குதிரைமேல் போகிறவர் அதை உடம்போடு ஒட்டிப் பக்கவாட்டில் வைத்தால் சிங்கம் முன்னோக்கிப் போவதுபோல் தெரியும். இல்லாவிட்டால் அது பின்வாங்குவதாகிவிடும். கொடியிலும் இப்படித்தான், விலங்கின் முகம் கம்பத்தை நோக்கி இருக்கும். மேலே சொன்ன அமெரிக்கக் கழுகின் 'வலக்கால்' நம் பார்வையில் இடதுபக்கம் வருவதும் இதனால்தான். இந்த ஒரு விதியில் தவறிப்போனால் மற்றதெல்லாம் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம் வலமாகிவிடும்.

இப்போது ராம்பன்ட். எழுந்த கோலம். ஒரு பின்னங்காலை ஊன்றி, மற்றொரு பின்னங்காலைத் தூக்கி, முன்னங்கால்கள் இரண்டும் காற்றில் பிறாண்ட, உடம்பு மேல்நோக்கிச் சாய்ந்து, வாய் திறந்து, வால் முதுகுக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும். ஸ்காட்லாந்து மன்னரின் தங்கத் தளத்துச் சிவப்புச் சிங்கம் இந்தக் கோலம். இரண்டாம் அலெக்சாண்டர் மன்னரின் 1222ஆம் ஆண்டு முத்திரையில் அது இருக்கிறது. ஃபிளாண்டர்ஸின் கறுப்புச் சிங்கம், பொஹீமியாவின் இரட்டை வால் சிங்கம், ஸ்பெயினில் லெயோன் ராஜ்ஜியத்தின் ஊதாச் சிங்கம், நார்வேயின் கோடரி ஏந்திய சிங்கம் எல்லாமே இதே கோலம்தான்.

ஏன் இத்தனை சிங்கங்களும் எழுந்தே நிற்கின்றன? வீரம் காட்டத்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள். வீரமும் இருக்கட்டும். ஆனால் இன்னும் நேரான காரணம் ஒன்று கேடயத்தின் உருவத்திலேயே இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டின் கேடயம் மேலே அகலமாகவும் கீழே போகப் போகக் குறுகிக் கூராகவும் நெட்டையாக இருக்கும். அதில் ஒரு நாலுகால் பிராணியைப் படுக்கைவாட்டில் வரைந்தால் அது நடுவில் சிறு பட்டையாகச் சுருங்கிவிடும், மேலும் கீழும் வெற்றிடம். தூரத்திலிருந்து ஆள் அடையாளம் தெரியத்தானே இந்த ஏற்பாடு முழுவதும்! அதனால் ஓவியர் பிராணியை நிமிர்த்தினார். அகன்ற மேற்பக்கத்தில் தலையும் விரிந்த முன்னங்கால்களும், குறுகிய கீழ்ப்பக்கத்தில் ஊன்றிய ஒற்றைக்கால். கேடயத்தின் வடிவத்துக்கு இதைவிடப் பொருந்துகிற உருவம் கிடையாது. இங்கிலாந்தில் சால்ஸ்பரி தேவாலயத்தில் வில்லியம் லாங்கெஸ்பே என்ற பிரபுவின் கல்லறை இருக்கிறது; அவர் இறந்தது 1226இல். கற்சிலையின் நீண்ட கேடயத்தில் ஆறு சிறு சிங்கங்கள் எழுந்த கோலத்தில் மேலிருந்து கீழாக மூன்று, இரண்டு, ஒன்று என அடுக்கியிருக்கும். இடம் குறையக் குறைய எண்ணிக்கையும் குறைகிறது. அவருடைய பாட்டனார் அஞ்சூ பிரபு ஜெஃப்ரி, 1151இல் இறந்தவர். அவருடைய நினைவுத் தகடு பிரான்சில் லெ மான் நகரில் இருக்கிறது. அதிலும் நீலக் கேடயத்தில் பொன்னிறச் சிங்கங்கள் எழுந்தே நிற்கின்றன. ஒரு குடும்பத்தின் சின்னம் தலைமுறை தாண்டி இறங்கியதற்கு மிகப் பழைய சான்றுகளில் ஒன்றாக அறிஞர்கள் இந்த இரண்டையும் சேர்த்துத்தான் காட்டுவார்கள்.

சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'ராம்பே' என்ற பழைய பிரெஞ்சு வினைக்கு ஏறுதல், தொற்றிக்கொண்டு மேலே போதல் என்று பொருள். சுவரில் ஏறுகிற பிராணியின் தோற்றத்தை நினைத்தால் உருவம் சரியாக வரும். இன்றைய பிரெஞ்சில் அதே வினை ஊர்தல், தவழ்தல் என்றாகிவிட்டது. இத்தாலியர்கள் ஃபெராரி காரின் குதிரையைக் 'கவல்லினோ ராம்பான்டே' என்று அழைப்பது இந்தச் சொல்லால்தான்.

அடுத்தது பாசன்ட், நடந்த கோலம். மூன்று கால் தரையில், வலது முன்னங்கால் மட்டும் தூக்கியிருக்கும். நான்கு காலும் தரையில் ஊன்றியிருந்தால் 'ஸ்டாட்டன்ட்', நின்ற கோலம். பின்னங்கால்கள் இரண்டையும் சேர்த்து ஊன்றி, முன்னங்கால்கள் இரண்டையும் சேர்த்துத் தூக்கித் தாவினால் 'சேலியன்ட்'. ராம்பன்டுக்கும் இதற்கும் வேறுபாடு கால்கள் பிரிந்திருக்கின்றனவா சேர்ந்திருக்கின்றனவா என்பதில்தான். புதிதாகப் பார்ப்பவர்கள் குழம்புவதும் இங்கேதான். 'செஜன்ட்' என்றால் இருந்த கோலம், நாய் வாசலில் உட்கார்ந்திருப்பதுபோல. 'கௌச்சன்ட்' கிடந்த கோலம், ஆனால் தலை நிமிர்ந்து விழிப்பாக இருக்கும். தலையையும் கால்மேல் சாய்த்துக் கண்ணை மூடிவிட்டால் 'டார்மன்ட்'. தூங்குகிற சிங்கத்தைக் கேடயத்தில் வைக்க யாரும் அதிகம் ஆசைப்படவில்லை, அதனால் இது அபூர்வம்.

இதெல்லாம் உடம்புக்கு. தலைக்குத் தனிச் சொல் உண்டு. ஒன்றும் சொல்லாவிட்டால் தலை பக்கவாட்டில், ஒரு கண் மட்டும் தெரியும். உடம்பு அப்படியே இருக்க முகம் மட்டும் நம்மை நோக்கித் திரும்பியிருந்தால் 'கார்டன்ட்'. தலையைத் திருப்பித் தன் முதுகைப் பார்த்தால் 'ரிகார்டன்ட்'. ஆகவே 'பாசன்ட் கார்டன்ட்' என்றால் நடந்தபடி நம்மைப் பார்க்கிற சிங்கம். உடம்புக்கு ஒரு சொல், தலைக்கு ஒரு சொல் என்று இரண்டையும் சேர்த்துச் சேர்த்துச் சொன்னால் ஒரு கைப்பிடிச் சொற்களிலேயே ஏறத்தாழ இருபது சிங்கங்களைப் பிரித்துச் சொல்லிவிடலாம். டென்மார்க்கின் சின்னமும் எஸ்டோனியாவின் சின்னமும் இரண்டுமே பொன் தளத்தில் மூன்று நீலச் சிங்கங்கள், எஸ்டோனியாவுக்கு அது டேனிஷ் ஆட்சிக் காலத்தில் வந்தது. இன்று டேனிஷ் சிங்கங்கள் முடி சூடிப் பக்கவாட்டில் பார்த்து நடக்கின்றன, எஸ்டோனியச் சிங்கங்கள் முகத்தை நம் பக்கம் திருப்பி நடக்கின்றன.

இந்தத் தலைத் திருப்பத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்த கதை இருக்கிறது. பழைய பிரெஞ்சு வர்ணனைகளில் 'சிங்கம்' என்றாலே எழுந்து நின்று பக்கவாட்டில் பார்க்கிற பிராணி. நடந்துகொண்டு நம்மை நேராகப் பார்த்தால் அதற்குப் பெயர் சிங்கமே இல்லை, 'சிறுத்தை'. புள்ளி ஏதும் கிடையாது, பிடரி உண்டு, வால் நுனியில் குஞ்சமும் உண்டு. எல்லா விதத்திலும் அதே சிங்கம்தான், ஆனால் கோலம் மாறினால் இனமே மாறிவிடும்! சிறுத்தை என்பது சிங்கத்துக்கும் 'பார்டு' என்ற இன்னொரு விலங்குக்கும் பிறந்த கலப்பு என்று இடைக்கால விலங்கு நூல்கள் நம்பின. 'லியோபார்டு' என்ற பெயரே அந்த நம்பிக்கையைச் சுமந்திருக்கிறது. நிஜச் சிறுத்தையைப் பார்த்தே இராத ஓவியருக்கும் ஹெரால்டுக்கும் சிங்கத்தின் இரண்டாவது வகை என்ற அளவில் அது போதுமானதாக இருந்தது.

இங்கிலாந்தின் மூன்று சிங்கங்களும் இப்படித்தான் சிறுத்தைகளாக வாழ்ந்தன. சிவப்புத் தளத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று பொன் சிங்கங்கள், பாசன்ட் கார்டன்ட். முதலாம் ரிச்சர்டு மன்னரின் இரண்டாவது பெருமுத்திரையில், 1198இல், இந்த மூன்றும் வந்துவிட்டன. இன்று இங்கிலாந்து கால்பந்து வீரர்களின் சட்டையில் இருக்கும் மூன்று சிங்கங்களும் அந்த வழியில் வந்தவைதான். 1235இல் புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றிக்குப் பரிசு அனுப்பினார். என்ன பரிசு தெரியுமா? உயிருள்ள மூன்று சிறுத்தைகள், மன்னருடைய கேடயத்துக்கு மரியாதையாக. அவை லண்டன் கோபுரக் கோட்டையில் வளர்ந்தன. கேடயத்தில் இருப்பவை சிங்கங்கள் என்று பேரரசருக்குத் தோன்றியிருந்தால் சிங்கங்களை அனுப்பியிருப்பார். 1300இல் முதலாம் எட்வர்டு ஸ்காட்லாந்தின் கேர்லாவராக் கோட்டையை முற்றுகையிட்டபோது, அங்கே வந்திருந்த ஒவ்வொருவருடைய கொடியையும் வர்ணித்து ஒரு பிரெஞ்சுக் கவிதை எழுந்தது. அதில் மன்னரின் கொடியில் இருப்பவை சிவப்பில் பதித்த பசும்பொன் சிறுத்தைகள் மூன்று. சினமும் செருக்கும் கொண்டு ஓடுபவை. பிற்காலத்தில் ஆங்கில ஹெரால்டுகள் 'இவை சிங்கங்களே, கோலம்தான் வேறு' என்று முடிவுகட்டிப் 'பாசன்ட் கார்டன்ட்' என்று நீட்டிச் சொல்லத் தொடங்கினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் மாறவில்லை. இன்றும் அவர்கள் மொழியில் அவை மூன்று சிறுத்தைகள்தான். பக்கவாட்டில் பார்த்து நடக்கும் சிங்கத்தை அவர்கள் 'சிறுத்தையாக்கிய சிங்கம்' என்பார்கள், நம்மைப் பார்த்து எழுந்து நிற்பதைச் 'சிங்கமாக்கிய சிறுத்தை' என்பார்கள். தர்க்கம் கச்சிதமாக இருக்கிறது, இல்லையா?

இந்தச் 'சிறுத்தை' என்ற பேச்சின் எச்சம் வெள்ளிப் பாத்திரத்திலும் உண்டு. இங்கிலாந்தில் வெள்ளியின் தரத்தைச் சோதித்துச் 'சிறுத்தைத் தலை' முத்திரை இட வேண்டும் என்று 1300இல் சட்டம் வந்தது. அந்தத் தலையைப் பார்த்தால் அச்சு அசல் சிங்கமுகம். 1544இலிருந்து அதோடு நடந்த கோலச் சிங்கம் ஒன்றும் சேர்ந்தது. 'லயன் பாசன்ட்' என்ற பெயர் வெள்ளி வியாபாரிகளின் அன்றாடப் பேச்சில் இன்றும் இருக்கிறது. லண்டன் முத்திரையில் 1821 வரை அந்தச் சிங்கம் நம்மைத் திரும்பிப் பார்க்கும், அதற்குப் பிறகு பக்கவாட்டில் பார்த்து நடக்கும். வீட்டில் பழைய ஆங்கிலேய வெள்ளிக் கரண்டி ஏதாவது இருந்தால் பின்பக்கம் திருப்பிப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். கோலத்தின் பெயர் தெரிந்தவர் அதன் காலத்தையும் ஓரளவு சொல்லிவிடுவார்.

பல கோலங்களை ஒரே இடத்தில் பார்க்க ஆசையென்றால் பிரிட்டிஷ் அரச சின்னம் நல்ல பயிற்சி. கேடயம் நான்கு கட்டம். முதலிலும் நான்காவதிலும் இங்கிலாந்தின் நடந்த சிங்கங்கள் மும்மூன்று, இரண்டாவதில் ஸ்காட்லாந்தின் எழுந்த சிங்கம் ஒன்று, மூன்றாவதில் அயர்லாந்தின் யாழ். கேடயத்தைத் தாங்கி ஒரு பக்கம் முடி சூடிய சிங்கம் எழுந்து நின்று நம்மைப் பார்க்கிறது, ராம்பன்ட் கார்டன்ட். மறுபக்கம் சங்கிலி பூட்டிய ஒற்றைக்கொம்புக் குதிரை. உச்சியில் கிரீடத்தின்மேல் இன்னொரு சிங்கம், நான்கு காலும் ஊன்றி நம்மைப் பார்த்தபடி, ஸ்டாட்டன்ட் கார்டன்ட். மொத்தம் ஒன்பது சிங்கங்கள், நான்கு கோலங்கள். ஸ்காட்லாந்தில் பயன்படுத்தும் வடிவத்தில் உச்சிச் சிங்கம் மாறிவிடும். அது நமக்கு நேர்முகமாக உட்கார்ந்து, ஒரு கையில் வாளும் மறுகையில் செங்கோலும் பிடித்திருக்கும், செஜன்ட் கோலம்.

இதுவரை சொன்னது பெரும்பாலும் சிங்கம் முதலிய வேட்டையாடும் பிராணிகளுக்கு. மான் என்று வந்தால் சொல்லகராதியே மாறிவிடும். நடக்கும் மான் பாசன்ட் இல்லை, 'டிரிப்பன்ட்'. நின்று நம்மைப் பார்ப்பது 'அட் கேஸ்'. படுத்திருப்பது 'லாட்ஜ்டு'. காரணம் எளிது. பிரபுக்களுக்கு மான் வேட்டை உயிர்; வேட்டைக்காட்டில் மானைப் பற்றிப் பேசுவதற்கு அவர்களிடம் ஏற்கெனவே சொற்கள் இருந்தன, அவற்றையே கேடயத்துக்கும் கொண்டுவந்தார்கள். இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் அடையாளம் வெள்ளைக் கலைமான், கழுத்தில் முடியும் சங்கிலியுமாகப் படுத்திருக்கும். லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள 'வில்டன் டிப்டிக்' என்ற சிறு இரட்டைப் பலகை ஓவியத்தில் மன்னர் அதை மார்பில் அணிந்திருக்கிறார். எதிர்ப் பலகையில் மரியாளைச் சுற்றியுள்ள தேவதைகளும் அணிந்திருக்கிறார்கள். ஓவியத்தின் பின்பக்கம் அந்த மான் புல்தரையில் பெரிதாகக் கிடக்கிறது. எனக்குத் தெரிந்து கிடந்த கோலத்தில் இதைவிட அழகான விலங்கு இந்த மரபில் இல்லை.

எழுந்த குதிரைக்கு 'ஃபோர்செனே', வெறிகொண்டது என்று பெயர். கழுகின் தலையும் சிங்கத்தின் உடலும் கொண்ட கிரிஃபின் எழுந்து நின்றால் அதற்கு மட்டும் 'செக்ரியன்ட்' என்று தனிச்சொல். பறவைகளில் கழுகுக்கு இயல்பான கோலம் டிஸ்பிளேய்டு: வயிறு நம் பக்கம், சிறகும் காலும் இருபுறமும் விரிந்து, தலை மட்டும் ஒரு பக்கம் திரும்பியிருக்கும். இதுவும் கேடயத்தை நிரப்பும் வித்தைதான். சிறகை மூடி நின்றால் 'குளோஸ்', பறந்தால் 'வோலன்ட்'. மீன் படுக்கையாக நீந்தினால் 'நேயன்ட்', தலை மேலாகச் செங்குத்தாக நின்றால் 'ஹாரியன்ட்', தலைகீழாக மூழ்கினால் 'யூரினன்ட்'. கடைசிச் சொல்லைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம், முக்குளித்தல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது அது. பாம்பு முடிச்சிட்டிருந்தால் 'நௌடு'. ஆளை விழுங்கிக்கொண்டிருந்தால் 'வோரன்ட்'. மிலன் நகரின் விஸ்கோன்டி குடும்பத்தின் பாம்பு அப்படிப்பட்டது. ஆல்ஃபா ரோமியோ காரின் வட்டச் சின்னத்தில் வலது பாதியைப் பார்த்தால் இன்றும் அது வாயில் ஒரு மனித உருவத்தோடு நெளிந்து நிற்பது தெரியும்.

கோலத்தோடு விலங்கின் உறுப்புகளுக்கும் சொல் உண்டு. நகமும் பல்லும் வேறு நிறமென்றால் 'ஆர்ம்டு', நாக்கு வேறு நிறமென்றால் 'லாங்வ்டு'. இரண்டு சிங்கம் எதிரெதிரே எழுந்து மோதினால் 'காம்பாட்டன்ட்', முதுகோடு முதுகு காட்டினால் 'அடோர்ஸ்டு'. வாலைப் பின்னங்கால்களுக்கு நடுவே செருகிக்கொண்டால் 'கவர்டு'. ஆம், கோழை என்பதற்கான அதே ஆங்கிலச் சொல். அது பழைய பிரெஞ்சில் வாலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. 'வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடினான்' என்று நாம் சொல்வதும் அவர்கள் சொன்னதும் ஒரே நாயைப் பார்த்துத்தான்.

இப்படி ஓர் உறுப்பு விட்டுப்போனதால் பெரிய சண்டையே மூண்டது உண்டு. சுவிட்சர்லாந்தின் அப்பன்செல் பகுதியின் சின்னம் எழுந்து நிற்கும் கறுப்புக் கரடி, அது ஆண் கரடி என்பது வெளிப்படையாகத் தெரிய வேண்டும். 1579இல் பக்கத்து ஊரான செயின்ட் காலனில் அச்சான ஒரு நாட்காட்டியில் அந்தக் கரடிக்கு ஆணுறுப்பு விடுபட்டுவிட்டது. தங்கள் கரடியைப் பெண் கரடியாக்கிவிட்டார்கள் என்று அப்பன்செல்காரர்கள் கொதித்தெழுந்தார்கள், ஆயுதம் எடுக்கும் அளவுக்குப் போயிற்று. நாட்காட்டிப் பிரதிகளை அழித்த பிறகுதான் அமைதி திரும்பியது. பழங்கதை என்று தள்ள முடியாது. 2007இல் சுவீடன் தலைமையிலான நார்டிக் படைப்பிரிவின் சின்னத்தில் இருந்த சிங்கத்திலிருந்து அதே உறுப்பை நீக்கியபோது, சின்னம் வரைந்த ஓவியர் வெளிப்படையாகவே எதிர்ப்புத் தெரிவித்தார்.

இலங்கைக் கொடியையும் இந்தச் சொற்களால் விவரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வாளேந்திய அந்தச் சிங்கம் மூன்று கால் ஊன்றி வலது முன்னங்காலைத் தூக்கியிருப்பதால் கொடி நூல்களில் அதைப் பாசன்ட் என்று எழுதுகிறார்கள். அந்த வடிவம் கண்டி அரசின் கொடியிலிருந்து வந்தது, ஐரோப்பிய ஹெரால்டுகளிடமிருந்து வந்ததில்லை. சொல் மட்டும் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது.

ஆனால் உண்மையிலேயே அந்த மரபில் வரைந்த சிங்கங்கள் நம் ஊர்ச் சந்தைகளில் கைமாறியதும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் பர்மிங்ஹாமின் சோஹோ நாணயச்சாலையில் 1803இலும் 1808இலும் 10 காசு, 20 காசுச் செப்பு நாணயங்கள் அடித்தது. ஒரு பக்கம் பாரசீக எழுத்தில் மதிப்பு, மறுபக்கம் கம்பெனியின் சின்னம். 1808ஆம் ஆண்டு நாணயங்களை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிய 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரை ஓரத்திலேயே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் மூழ்குநர்கள் லட்சக்கணக்கில் அந்தக் காசுகளை மேலே கொண்டுவந்தார்கள். அதனால் நல்ல நிலையில் உள்ள 20 காசு ஒன்று சேகரிப்பாளர்களிடம் இன்றும் எளிதாகக் கிடைக்கும். கிடைத்தால் கையில் வைத்துச் சொல்லிப் பாருங்கள்: கேடயம், அதில் சிலுவை, இருபுறமும் கொடி பிடித்த இரண்டு சிங்கங்கள், பின்னங்காலில் எழுந்து முகம் நம் பக்கம் திருப்பியவை. ராம்பன்ட் கார்டன்ட். 13ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர் கையில் அந்தக் காசைக் கொடுத்திருந்தால், இரண்டு சிங்கமாக்கிய சிறுத்தைகள் என்று எழுதிவைத்திருப்பார்.